மழைக்கு ஒரு தேதி... நமக்கு ஒரு தேதி!



ஆயுத பூஜைக்கு சேர்ந்தாப்ல நாலு நாள் லீவு. ஹாஸ்டல் ரூம்ல ஆறு பேர். தரையில படுத்து ஃபேனையே பார்த்துட்டு இருந்த ஒருத்தன், ‘மச்சி... ஊட்டி போலாமா?’ன்னு ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான்! அடுத்த பத்து நிமிஷத்துல பட்ஜெட் ரெடி, ஜெர்கின் கடன் வாங்கறது ரெடி, யார் ஜன்னலோர சீட்டுங்கற சண்டை கூட ரெடி. ஒரே ஒருத்தரை மட்டும் யாரும் கேட்கலை. அவர் பேரு மழை!

இங்கிலீஷ் புத்தகத்துல ‘ஆட்டம்’னு படிச்சிருப்பீங்க. இலையெல்லாம் சிவந்து, பொன்னாகி, காத்துல மெதுவா உதிரும். படம் பார்க்கவே சூப்பரா இருக்கும். நமக்கு அதெல்லாம் இல்லீங்க. ஐப்பசி, கார்த்திகைக்கு நம்ம ஆளுங்க வெச்ச பேரு கூதிர் காலம். ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ன்னு பழமொழியே இருக்கு. ஆனா காலேஜ் காலண்டர் எப்படி? ஆயுத பூஜை லீவு, தீபாவளி லீவு எல்லாம் பெரும்பாலும் இந்த மாசங்களை ஒட்டித்தான் வந்து நிக்கும். நவம்பர் வந்தா செமஸ்டர் பயம். மே மாசம் போலாம்னா கூட்டமும் ரூம் வாடகையும் தலை சுத்தும். அதனால நம்ம டூர் மழைக்காலத்துல தான். அதை மாத்த முடியாது. ஆனா பிளானை மாத்தலாம்.

எனக்கு இது லேட்டாத்தான் புரிஞ்சது. எப்படிப் புரிஞ்சதுன்னு சொல்லிடறேன்.

அஞ்சுக்கு ஒண்ணு!

2000-களோட ஆரம்பம். மதுரையில படிச்சுட்டு இருந்தோம். ஆறு பேர் சேர்ந்து ஊட்டி டூர். எங்க செட்ல ஒரு தோழி. அவ வீட்ல சம்மதம் வாங்கவே மூணு வாரம் ஆச்சு. குன்னூர்ல இருக்கற அவ சித்தி வீட்லதான் எல்லாரும் தங்கணும். ராத்திரி எட்டு மணிக்குள்ள சித்தி வீட்டு லேண்ட்லைன்ல இருந்து அப்பாவுக்கு போன் வரணும். இந்த ரெண்டு கண்டிஷன்லதான் பர்மிஷன். டியூஷன் எடுத்து சேர்த்த காசுல தன் பங்கைக் குடுத்தா.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, கோவை வந்து, விடிகாலையில மேட்டுப்பாளையம். 7.10 மலை ரயில்தான் எங்க கனவு. ஸ்டேஷன்ல போர்டு: பாதையில பாறை விழுந்ததால ரயில் ரத்து. வெளியே மழை கொட்டுது. பிளான் பி? அப்படின்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது.

‘பேசாம திரும்பிடலாம்டா. இன்னொரு வாரம் வரலாம்’னு அவ சொன்னா. நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? ஓட்டு எடுத்தோம்! அஞ்சுக்கு ஒண்ணு. ஜனநாயகம் ஜெயிச்சுது. மழை விடும் விடும்னு மதியம் வரைக்கும் காத்திருந்து, மூணு மணிக்கு பஸ் ஏறினோம். பர்லியார் தாண்டினதும் ரோட்டுக்குக் குறுக்கே மரம். அதுக்கு மேல மண்சரிவு. முன்னாலயும் போக முடியலை, பின்னாலயும் வர முடியலை. ஆறு பேருக்கு ஒரே ஒரு செல்போன், அதுலயும் சிக்னல் இல்லை. இருட்டுல, ஈர டிரஸ்ஸோட, ரெண்டு பாக்கெட் பிஸ்கட்டை ஆறாப் பிரிச்சு சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருந்தோம். சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்ப விடிகாலை நாலு மணி.

யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. அதனால இதை ‘செம அட்வெஞ்சர்’னு ரொம்ப நாள் நாங்க சொல்லிக்கிட்டு இருந்தோம். ஆனா எட்டு மணி போனுக்காகக் காத்திருந்த அவ அப்பா, பத்து மணிக்கு மேல பொறுக்க முடியாம மதுரையில பஸ் ஏறிட்டார். காலையில ரோடு திறந்ததும் சித்தி வீட்டு வாசல்ல வந்து நின்னார். செருப்பு முழுக்க சேறு. திட்டலை. எங்களை நிமிர்ந்து கூடப் பார்க்கலை. ‘கிளம்பும்மா’ன்னு ஒரே வார்த்தை. அதோட சரி. காலேஜ் முடியற வரைக்கும் அவ எந்த டூருக்கும் வரலை. இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்குக் கூட!

மழைக்கு அப்புறம் எங்க அஞ்சு பேருக்கும் ஜலதோஷம். அவளுக்கு மட்டும்தான் தண்டனை. வேண்டாம்னு சொன்னவளுக்கு!

இப்ப சொல்லுங்க... டூர் பிளான்ங்கறது வெறும் பஸ் டைமும் ரூம் வாடகையும் மட்டும்தானா?

ரெண்டு தேதி வைங்க

முதல் விஷயம். ஒரு தேதி குறிக்காதீங்க. ரெண்டு குறிங்க. ‘18, 19 போறோம், முடியலைன்னா 25, 26’ன்னு வீட்லயும் சேர்த்தே சொல்லிடுங்க. இது ஏன் வேலை செய்யும்னா, வடகிழக்குப் பருவமழை மூணு மாசமும் விடாம கொட்டற மழை இல்லை. சராசரியா அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிச்சு, விட்டு விட்டு வரும். நாலஞ்சு நாள் பெய்யும், அப்புறம் சில நாள் வெயில் அடிக்கும். ‘வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ன்னு செய்தியில சொன்னாலே முதல் தேதியை விட்டுட்டு ரெண்டாவதுக்குப் போயிடுங்க. ஆனா ஒண்ணு... மழை நின்ன மறுநாளே மலை ஏறாதீங்க. தண்ணி குடிச்ச மண்ணு, மழை நின்ன பிறகும் சரியும்.

ரெண்டு தேதி வைக்கணும்னா காசும் மாட்டிக்கக் கூடாது. கேன்சல் பண்ணினா பணம் திரும்புமான்னு கேட்டுட்டு ரூம் போடுங்க. ரயில்வேயே ரயிலை ரத்து செஞ்சா, இ-டிக்கெட் பணம் தானா வந்துடும். கவுன்டர்ல எடுத்த டிக்கெட்னா, கவுன்டர்ல குடுத்துத்தான் வாங்கணும். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க!

எந்தப் பக்கம் எப்ப பெய்யும்?

‘ஊட்டியில மழையா?’ன்னு கேட்கறதே தப்பான கேள்வி பாஸ். நீலகிரி ஒரே மாவட்டம்தான். ஆனா மழை விஷயத்துல ரெண்டு கட்சி. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி எல்லாம் மேற்குப் பக்கம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அடிக்கற தென்மேற்குப் பருவக்காத்து அங்கேதான் வந்து முட்டும். குன்னூர், கோத்தகிரி எல்லாம் கிழக்குப் பக்கம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குக் காத்து அவங்களைத்தான் நனைக்கும்.

நம்பலையா? 2019 ஆகஸ்ட் 9-ம் தேதி காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல அவலாஞ்சியில 91 செ.மீ. மழை. அதே மாவட்டத்துல, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவுல இருக்கற கேத்தியில, 2009 நவம்பர் 10-ம் தேதி 82 செ.மீ. மதுரைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யற மழையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! அந்த 2009 மழையில நீலகிரியில மண்சரிவுல 40 பேருக்கு மேல உயிர் போச்சு.

இப்ப யோசிங்க. நாம ஆசைப்படற மலை ரயில் எந்தப் பக்கம் ஏறுது? மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர், அதாவது கிழக்குப் பக்கம்! 1899-ல குன்னூர் வரைக்கும், 1908-ல ஊட்டி வரைக்கும் ஓட ஆரம்பிச்ச ரயில் அது. 2005-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்துச்சு. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்சக்கரம் வெச்சுத்தான் ஏறும். அவ்வளவு செங்குத்து. அந்தப் பாதையிலதான் ஐப்பசி, கார்த்திகையில பாறையும் மண்ணும் விழும். ரயில் ரத்தானா அது உங்க துரதிர்ஷ்டம் இல்லை, அந்த மாசத்தோட சுபாவம். அதனால மழைக்காலத்துல மலை ரயில் கிடைச்சா போனஸ். அதை நம்பி மட்டும் பிளான் போடாதீங்க. குன்னூர்ல இருந்து ஊட்டி வரைக்கும் தனி ரயிலும் உண்டு. கீழ்ப் பாதை மூடியிருந்தா அது ஓடுதான்னு விசாரிச்சுக்குங்க.

மேட்டுப்பாளையத்துல இருந்து மேல போக குன்னூர் வழி ஒண்ணு, கோத்தகிரி வழி ஒண்ணு, ரெண்டு ரோடு உண்டு. எது திறந்திருக்குன்னு கேட்காம பஸ் ஏறாதீங்க. சொந்த வண்டி, வாடகை வண்டியில போறவங்களுக்கு 2024 மே 7-ல இருந்து இ-பாஸ் நடைமுறையும் வந்தது. கிளம்பறதுக்கு முன்னாடி அதோட இப்போதைய விதியையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

வானிலை அறிக்கை... டிகோடிங்!

‘ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு’. தினமும் கேட்கறோம், கிண்டல் பண்றோம். ஆனா அது குத்துமதிப்பான பேச்சு இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் கணக்கு இருக்கு.

* ‘ஓரிரு இடங்களில்’னா, அந்தப் பகுதியில இருக்கற மழைமானி நிலையங்கள்ல நூத்துக்கு 25 வரைக்கும். ‘ஒரு சில இடங்களில்’னா 26-ல இருந்து 50. ‘பெரும்பாலான இடங்களில்’னா 75-க்கு மேல.

* ‘கனமழை’ன்னா 24 மணி நேரத்துல 7-ல இருந்து 11 செ.மீ. ‘மிக கனமழை’ 12-ல இருந்து 20. ‘அதி கனமழை’ 21-ம் அதுக்கு மேலயும்.

* மஞ்சள் எச்சரிக்கைன்னா கவனமா இருங்க. ஆரஞ்சுன்னா தயாரா இருங்க. சிவப்புன்னா உடனே நடவடிக்கை எடுங்க. நம்ம டூர் பாஷையில... மஞ்சள்னா பிளான் பி-யை எடுத்து வைங்க. ஆரஞ்சுன்னா மலைக்கு நோ. சிவப்புன்னா பையைப் பிரிச்சுட்டு ரூம்லயே இருங்க!

* ‘இன்று 10 செ.மீ. பதிவானது’ன்னா, நேத்து காலை 8.30-ல இருந்து இன்னிக்கு காலை 8.30 வரைக்கும் பெஞ்ச மழை. இப்ப வெளியே பெய்யற மழை அதுல இல்லை.

செல்போன்ல பத்து நாளைக்கு அப்புறம் கூட சூரியன் படம் காட்டும். அதை நம்பி அட்வான்ஸ் கட்டாதீங்க. அஞ்சு நாளைக்கு உள்ள சொல்றதைக் கவனிங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள் சொல்றதை நம்புங்க. ஊருக்குப் போய் இறங்கினதும், வானிலை மையம் அடுத்த மூணு மணி நேரத்துக்கு மாவட்டவாரியா என்ன சொல்லியிருக்குன்னு பாருங்க. இது பைசா செலவில்லாத வேலை.

பிளான் பி... கூரை உள்ள இடம்!

பிளான் பி-ன்னா ‘ஊட்டி இல்லைன்னா கொடைக்கானல்’னு நினைக்காதீங்க. அங்கேயும் அதே மழை, அதே மலைப்பாதை. பிளான் பி சமவெளியில இருக்கணும், தலைக்கு மேல கூரை இருக்கணும், அன்னிக்கே வீடு திரும்பற தூரத்துல இருக்கணும்.

மதுரைக்காரங்களுக்கு ஒரு சாம்பிள். காலையில கீழடி அருங்காட்சியகம். 2023 மார்ச்சுல திறந்தது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால நம்ம ஆளுங்க பயன்படுத்தின பானை ஓட்டுல பேர் கீறி வெச்சிருக்கறதைப் பார்க்கலாம். நாம பெஞ்சுல பேர் எழுதற வியாதி எங்கேருந்து வந்ததுன்னு அப்ப தெரியும்! மதியம் திருமலை நாயக்கர் மகால். வெளியே மழை பெய்யும்போது அந்தத் தூண்களுக்கு நடுவுல நின்னு பாருங்க. சாயங்காலம் காந்தி மியூசியம். பஸ் டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் ஊட்டி செலவுல கால்வாசி கூட ஆகாது.

திருச்சியில இருக்கீங்களா? தஞ்சாவூர் பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால். சென்னையா? 1851-ல ஆரம்பிச்ச எழும்பூர் மியூசியத்தை நீங்க இன்னும் ஒழுங்காப் பார்க்கலைன்னு எனக்குத் தெரியும்!

ஆனா சமவெளின்னா எப்பவும் சேஃப்ன்னு நினைச்சுடாதீங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. பெஞ்சுது. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோச்சு. சுமார் 800 பயணிகள், சுத்தி வெள்ளம். அந்த மாதிரி எச்சரிக்கை வந்தா பிளான் பி-யும் கேன்சல். அதுக்குத்தான் ரெண்டாவது தேதி.

அருவியில ஆட்டம் வேணாம்

‘மழைக்காலம்தானே... அருவியில தண்ணி நல்லா விழும்’னு ஒருத்தன் சொல்வான். அவன்கிட்ட இதைச் சொல்லுங்க. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றால அருவியில திடீர் வெள்ளம் வந்து, 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுக்கிட்டுப் போய் இறந்துட்டான். பருவமழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அது நடந்தது. மேல மலையில பெய்யற மழை, கீழ குளிக்கறவங்களுக்குத் தெரியாது. தண்ணி கலங்கி வந்தாலோ, இலையும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, சத்தம் திடீர்னு கூடினாலோ உடனே வெளியே வந்துடுங்க. டவல், செருப்பு, செல்போனை எடுக்கத் திரும்பாதீங்க. தடை போர்டு இருந்தா அதோட பேச்சே இல்லை.

பையில என்ன? பேச்சுல என்ன?

மலையில காலை நேரம் நம்ம நேரம். மதியத்துக்கு மேல மேகம் இறங்கிடும். அதனால வியூ பாயின்ட் எல்லாம் காலையில. டீ ஃபேக்டரி, மியூசியம், பஜ்ஜிக் கடை எல்லாம் மதியம். ஒரு நாளைக்கு ரெண்டு இடம் போதும். நாங்க ஏழு இடம் லிஸ்ட் போட்டிருந்தோம். பார்த்தது ஒரு மரம்!

குடையைவிட ரெயின்கோட் மேல். ஒரு செட் டிரஸ்ஸும் ரெண்டு ஜோடி சாக்ஸும் நனையாம தனியா இருக்கட்டும். டார்ச், பவர் பேங்க், ஒரு நாள் தாங்கற தின்பண்டம், தினம் சாப்பிடற மாத்திரை. நீலகிரியில பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கு. வீட்ல இருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்க. ஆளுக்கு 300 ரூபாய் போட்டு ‘மழை ஃபண்ட்’ வைங்க. மாட்டிக்கிட்டா ஒரு ராத்திரி ரூமுக்கு. மாட்டிக்கலைன்னா கடைசி நாள் பிரியாணிக்கு!

பையை விட முக்கியம், கிளம்பறதுக்கு முன்னாடி பேசி முடிக்க வேண்டிய மூணு விஷயம்.

ஒண்ணு, திரும்பற நேரம். ‘எந்த இடத்துல இருந்தாலும் மூணு மணிக்கு இறங்க ஆரம்பிக்கறோம்’னு மேல போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. மேல போன பிறகு யாருக்கும் இறங்க மனசு வராது.

ரெண்டு, வீட்டுக்குப் போன். ‘எட்டு மணிக்குக் கூப்பிடறேன்’னு மட்டும் சொல்லாதீங்க. ‘எட்டுக்கு வரலைன்னா சிக்னல் இல்லைன்னு அர்த்தம். பத்துக்குள்ள வந்துடும். அதுவும் வரலைன்னா இந்த ரூம் நம்பருக்குப் பேசுங்க’ன்னு எழுதிக் குடுங்க. மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறை நம்பர் 1077. அதை நீங்களும் வைங்க, வீட்லயும் குடுங்க. நம்பர் கையில இருந்தா ஒரு அப்பா ராத்திரி பஸ் ஏற வேண்டியிருக்காது.

மூணு, இதுதான் எல்லாத்துக்கும் மேல. ஓட்டு எடுக்காதீங்க! எங்கே சாப்பிடறது, எந்தப் பாட்டு போடறதுன்னு ஓட்டு எடுங்க. ‘மேல போறதா, திரும்பறதா’ங்கறதுக்கு மட்டும் ஓட்டு கிடையாது. ஆறு பேர்ல ஒருத்தர் வேண்டாம்னா, எல்லாருக்கும் வேண்டாம். காரணம் கேட்கக் கூடாது, கிண்டல் பண்ணக் கூடாது, ஊருக்கு வந்து பட்டப்பேரு வைக்கக் கூடாது. ஏன்னா தப்பு நடந்தா எல்லாரும் ஒரே விலை குடுக்கறதில்லை. ஒருத்தனுக்கு அது கதை. இன்னொருத்திக்கு அது கடைசி டூர்.

அந்தத் தோழி போன மாசம் போன் பண்ணினா. அவ பொண்ணு இப்ப காலேஜ் செகண்ட் இயர். ஃபிரெண்ட்ஸோட நவம்பர்ல ஊட்டி போகணுமாம். ‘என்னடா சொல்லட்டும்?’னு கேட்டா. எனக்கு உடனே பதில் வரலை. இந்தப் பக்கத்துல இருக்கறதை எல்லாம் ஒண்ணொண்ணா சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, ‘மூணாவதா சொன்னியே... அதை மட்டும் அவ ஃபிரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் நானே பேசிடறேன். ரெண்டு தேதி எழுதிக் குடுக்கச் சொல்லு. அனுப்பறேன்’னா.

அப்புறம் சிரிச்சுக்கிட்டே கேட்டா: ‘ஏன்டா, அந்த மலை ரயில்ல நான் இன்னும் போகவே இல்லை தெரியுமா?’

பழைய செட்டுக்கு வாட்ஸ்அப்ல ரெண்டு தேதி போட்டிருக்கேன். மழையைப் பார்த்துட்டு சொல்றேன்.

நீங்களும் ஜாலியா போயிட்டு, பத்திரமா வாங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!